அப்பாவின் அட்டவணையில் மூன்றாவது பெயர்

எங்கள் வீட்டு பீரோவின் உள்கதவில் அப்பா ஒரு காகிதம் ஒட்டி வைத்திருக்கிறார். மற்றவர்கள் வீட்டில் அந்த இடத்தில் சாமி படம் இருக்கும். இதில் மூன்று பெயர்கள். முதலில் கோவிந்தன், அதாவது அப்பா. ஓய்வு பெறும் நாள் 31.5.2026, ஓய்வூதியம் 2048 வரை. இரண்டாவது சின்னக்குழந்தை, என் அம்மா. குடும்ப ஓய்வூதியம் 2048 முதல் 2054 வரை. மூன்றாவது நதியா, நான். 2054 முதல் என்று போட்டுவிட்டு முடியும் வருஷத்தைக் காலியாக விட்டிருந்தார். பெற்ற மகள் சாகிற வருஷத்தை எழுத அவருக்குக் கை வரவில்லை என்று யாரும் உருக வேண்டாம். பென்சிலால் 2074 என்று எழுதி ரப்பரால் அழித்த தடம் அங்கே இருந்தது.

அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும், படிக்கவும் அதை மட்டும்தான் தெரியும். ஒருநாள் துணி மடித்து வைக்கும்போது தன் பெயர்மேல் விரலை வைத்தாள்.

"எனக்கு நேரா இன்னா போட்டுக்கிறாரு?"

"2054-ல நீ செத்துப்பூடுவியாம்" என்றேன்.

அம்மா விரலை எடுத்தாள். "மாசம் போடலியா?" என்று கேட்டுவிட்டுப் புடவையை அடுக்கப் போய்விட்டாள்.

அப்பா ஜமுனாமரத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தார் என்று சொல்ல மாட்டேன். முப்பத்தைந்து வருஷம் ஓய்வு பெறுவதற்குத் தயாரானார், அவ்வளவுதான். ஈட்டிய விடுப்பை எடுக்காமல் சேர்த்து வைத்தால் கடைசியில் காசாக வாங்கலாம். தற்செயல் விடுப்பை எடுக்காவிட்டால் டிசம்பரோடு வீணாகிவிடும். அதனால் ஒவ்வொரு டிசம்பரிலும் கடைசி வாரம் முழுக்க லீவு போட்டுவிட்டு வீட்டில் சும்மா படுத்துக் கிடப்பார். ஏதாவது ஊருக்குப் போகலாமா என்றால் பஸ்ஸுக்குக் காசு கேட்பார்கள் என்பார். அம்மாவுக்குத் திருப்பத்தூரில் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது ஓர் ஆகஸ்ட் மாதம். தற்செயல் விடுப்பு தீர்ந்துபோயிருந்தது. ஈட்டிய விடுப்பு நூற்றுத் தொண்ணூறு நாள் கையில் இருந்தது, ஆனால் அதைத் தொட அவருக்கு மனசு வரவில்லை. அம்மாவை வீல் சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனது நான்தான்.

எங்கள் மலையில் அந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேலே சுற்றி மறுபக்கத்துக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயசு. பிறந்த தேதி எல்லோருக்கும் ஜூன் ஒன்று. அப்படிப் பிறந்தவர்கள் மே கடைசியிலேயே வீட்டுக்குப் போக வேண்டும். "அந்த வாத்தியாரு ரெண்டாந்தேதின்னு போட்டிருந்தா எனக்கு இன்னொரு மாசம் சம்பளம்" என்று செத்துப்போன அந்த மனுஷனை அப்பா வாரம் ஒருமுறையாவது திட்டுவார். தன்னைப் படிக்க வைத்தவர் என்ற எண்ணம் ஒருநாளும் வந்ததில்லை. காலையில் எழுந்து ஏரிவரை வேகவேகமாக நடப்பதும் உயிர்மேல் இருக்கிற ஆசையால் அல்ல. எண்பது வயது ஆனால் ஓய்வூதியம் ஐந்தில் ஒரு பங்கு கூடும், அதற்காக நடக்கிறார்.

இவ்வளவும் அவர் தலைவிதி என்று விட்டிருப்பேன். என் பெயர் எப்படி அந்தக் காகிதத்துக்கு வந்தது என்பதுதான் கதை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் வீட்டுக்காரர் ரமேஷையும் சாப்பிடக் கூப்பிட்டார். நாட்டுக்கோழிக் குழம்பு. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ரமேஷ் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். சந்தைக்குப் புளியும் சாமையும் ஏற்றிப் போவான். நான் மகளிர் குழுவின் சாமை மில்லில் சம்பளத்துக்கு இருந்தேன். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. மற்றபடி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, சண்டை போட்டாலும் ஒரே தட்டில் சாப்பிடுவோம்.

ரமேஷ் இரண்டாவது கால் துண்டைக் கடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அப்பா ஆரம்பித்தார்.

"நானும் உங்கத்தையும் போய்ட்டா அந்த பென்ஷன் கவர்மெண்ட்டுக்கே திரும்பிப் போய்டும் மாப்ள. வேஸ்ட்டு. ஆனா விவாகரத்து ஆன பொண்ணு இருந்தா அவளுக்கு ஆயுசுக்கும் வரும். நாங்க உசுரோட இருக்கறப்பவே ஆயிருக்கணும், அவளுக்கு வருமானம் இருக்கக் கூடாது, அவ்ளோதான்."

"எந்தப் பொண்ணு?" என்று கேட்டேன். வீட்டுக்கு ஒரே பெண் நான்தான்.

"எல்லாம் காயிதத்துல மட்டும்தாம்மா. ஒரு வருசம் இங்க வந்து இரு. அப்பறம் கோர்ட்டு. ஆர்டர் வந்ததும் நீ உன் வூட்டுக்குப் போய்க்கோ. ஊர்ல இன்னா துரும்பா கிள்ளப் போறோம்?" கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "ஒரு விதத்துல புள்ள இல்லாததும் வசதியாப் போச்சு."

அம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தம் கேட்டது. எத்தனை கோயில், எத்தனை ஆஸ்பத்திரி என்று அந்த எட்டு வருஷம் நான் பட்டது எனக்குத் தெரியும். இந்த மனுஷன் அதை வசதி என்கிறார். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ரமேஷ் எழவில்லை. பணிக்கொடைப் பணம் வந்ததும் புது வண்டிக்கு முன்பணம் தருகிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அவன் எலும்பைச் சப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

துரும்பு என்று அப்பா சொன்னதை விளக்கிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஒரு கல்யாணம் முறிவது ஊர்க்கவுண்டர் முன்னால்தான். ஊர் கூடும். பெண்ணைப் பெற்றவன் வாங்கிய பரிசத்தைத் திருப்பி வைப்பான். புருஷன் ஒரு முனையும் பெண்டாட்டி ஒரு முனையுமாக ஒரு துரும்பைப் பிடித்துக் கிள்ளிப் போடுவார்கள். கிள்ளியாகிவிட்டால் அவள் வேறு, அவன் வேறு. கிள்ளாதவரை எந்தக் கோர்ட்டு என்ன எழுதினாலும் அவள் அவன் பெண்டாட்டிதான். கோர்ட்டுக் காகிதத்தை எங்கள் ஊரில் யாரும் ரேஷன் கார்டுக்கு மேலே மதிப்பதில்லை.

அந்தத் தைரியத்தில்தான் நான் ஒத்துக்கொண்டேன். நானும் ஒன்றும் உத்தமி இல்லை. அப்பா தினமும் அம்மாவை விட்டுப் பேச வைத்தார், ரமேஷ் புது வண்டியின் படத்தைப் போனில் காட்டிக்கொண்டே இருந்தான், எனக்கும் அலுத்துப்போனது. காகிதம்தானே என்று சொல்லிக்கொண்டு ஒரு பையில் நாலு புடவையோடு அப்பா வீட்டுக்கு வந்தேன். வந்த வாரமே மில் வேலையை விடச் சொன்னார். வருமானம் பேங்கில் தெரியக் கூடாதாம். ஆறு வருஷமாக என் கையால் சம்பாதித்துக்கொண்டிருந்தவள், தலைவலி மாத்திரைக்கு அப்பாவிடம் கேட்டு நின்றேன். அவர் பில் கேட்டார்.

ஒரு வருஷம் போய், மனு போட்டு, மேலும் ஆறு மாசம் ஓடி, போளூர் கோர்ட்டில் கூப்பிட்டார்கள். என்ன காரணம் என்று கேட்டபோது ரமேஷ் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். "ஒத்துப்போகலைங்க." என்னைப் பார்த்துக் கேட்டார்கள். அவன் சட்டையில் மேல் பட்டன் இல்லாததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தைத்துப் போட ஆள் இல்லை. "ஒத்துப்போகலைங்க" என்று நானும் சொன்னேன். வெளியே வந்ததும், சேர்ந்து போனால் யாராவது பார்ப்பார்கள் என்று அப்பா என்னை பஸ்ஸில் ஏற்றினார். ரமேஷ் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். மலைப்பாதை வளைவுகளில் எல்லாம் நான் ஜன்னல் வழியாக அவன் வண்டியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆர்டர் வந்தது. பையைக் கட்டினேன்.

"இப்ப இன்னா அவசரம்? பென்ஷன் ஃபைல் போவட்டும்" என்றார் அப்பா. ஃபைல் போனதும், ஓய்வூதிய ஆணை வரட்டும் என்றார். ஆணை வந்த பிறகு என்ன சொல்வார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. விவாகரத்தான மகள் அவர்கள் சாகும்வரை விவாகரத்தான மகளாக இருக்க வேண்டும். அதற்கு அப்புறம் அவள் சாகும்வரையும் அப்படியே இருக்க வேண்டும். அறுபத்துமூன்று வயசில் வரப்போகிற பணத்துக்காக முப்பத்துநாலு வயசில் என்னைப் புருஷனை விட்டவளாக ஃபைலில் கட்டி வைத்திருக்கிறார். இது காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் படிக்கிற அவருக்குத் தெரியாதா? தெரியும். சொந்தப் புருஷனைச் சந்தை நாளில் பஜ்ஜிக் கடைக்குப் பின்னால் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் அவன் வண்டியைப் பற்றித்தான் பேசினான்.

அப்பா தன் புத்தியாலேயேதான் மாட்டிக்கொண்டார். யாரும் கேட்காத காகிதத்தையும் வாங்கி ஃபைலில் சேர்ப்பது அவர் வழக்கம். நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டால் என்ன செய்வது என்பார். மலைக்காரர்கள் என்பதால் ஊர் வழக்கப்படியும் பிரிந்துவிட்டார்கள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஓர் அறிக்கை இருந்தால் கெட்டியாக இருக்கும் என்று அவராகவே மனு எழுதிக் கொடுத்தார். அலுவலர் கண்ணமங்கலத்துப் பெண், மலைக்குப் புதுசு, எதையும் நேரில் விசாரித்துத்தான் எழுதுவாள். நேராக ஊர்க்கவுண்டரிடம் போய்க் கேட்டாள்.

கவுண்டர் சிரித்தாராம். "யாரு பிரிஞ்சது? நம்ம ரமேசும் நதியாவுமா? துரும்பு எப்போ கிள்னாங்க? எனக்குத் தெரியாம எவன் கிள்னான்?" என்றாராம். அவள் வந்து, இப்படியே எழுதட்டுமா சார் என்று அப்பாவைக் கேட்டாள். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்படி எழுதினால் கோர்ட்டு ஆர்டரும் கேள்விக்கு ஆளாகும், பொய் சொன்னதாகிவிடும், ஓய்வு பெறும் நேரத்தில் ஒரு மெமோ வந்தால் பணிக்கொடையே நின்றுவிடும். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மா ஆபரேஷன் முடிந்து கிடந்த நாட்களில் மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டவர் இவர்தான்.

மூன்றாம் நாள் முடிவு செய்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை ஊரைக் கூட்டச் சொல்லிட்டேன். துரும்பு கிள்ளிட்டுப் போய்டலாம்."

"அது காயிதம் இல்லப்பா."

"அதுவும் சும்மாதான்மா. எவன் கேக்கப் போறான்?"

ரமேஷுக்குப் போன் போட்டேன். அவனாவது கத்துவான் என்று நினைத்தேன். "மாமா சொல்றாரு, கிள்ளிட்டாலும் நீ வந்து இருக்கலாமாம்" என்றான். கிள்ளிய பிறகு நான் அவன் வீட்டுக்குப் போனால் ஊர் எனக்கு என்ன பேர் வைக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? அந்த ஊரில் பிறந்தவன்தானே அவனும். நான் போனை அணைத்து அரிசி டிரம்மில் போட்டேன். அன்றைக்கு அழுதேன். கோர்ட்டு வாசலில்கூட நான் அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாரியம்மன் கோயில் புளியமரத்தடியில் ஊர் கூடியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அலுவலர் பெண்ணுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள், மடியில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா. அவர் முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. ஏதோ டெண்டர் பிரிக்க வந்தவர் மாதிரி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரிசத்தை வையி கோவிந்தா" என்றார் கவுண்டர்.

"அது அப்பறம் நாங்க பேசிக்கிறோம் கவுண்டரே."

"இங்க வச்சாத்தான் பேச்சு."

அப்பா பரிசப் பணம் இருந்த உறையை எடுத்து வைத்தார். சாயங்காலம் ரமேஷிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்வதாகப் பேசி வைத்திருந்தார்போல. "இங்க வச்சது அவுங்களுது. திருப்பிக் கேட்டா அபராதம்" என்று கவுண்டர் சொன்னதும் அப்பாவின் கை உறையின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். கையை எடுத்தார். மகளை அத்துவிட வந்த இடத்தில் அவருக்கு வலித்தது அந்த உறை ஒன்றுதான்.

கவுண்டர் தரையிலிருந்து ஒரு சாமை வைக்கோல் துரும்பை எடுத்துச் சுத்தம் செய்து எங்களிடம் நீட்டினார். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை ரமேஷ் பிடித்தான். இரண்டு வருஷத்தில் அவன் கை என் கைக்கு அவ்வளவு கிட்டே வந்தது அன்றைக்குத்தான்.

"மூணு தரம் கேப்பேன். நதியா, இவன் உனக்கு வாணாமா?"

நான் ரமேஷைப் பார்த்தேன். அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாந்தரம் கேக்கறேன். வாணாமா?"

"ரமேசு, நீ சொல்லு. நான் உனக்கு வாணாமா?" என்றேன்.

"மாமாதான்..." என்று ஆரம்பித்தான்.

"உங்க மாமாவை நான் கட்டிக்கல. உன்னைத்தான் கட்டிக்கினேன். வண்டி வோணுமா, நான் வோணுமா, ஊரு முன்னால சொல்லு."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. கலங்குவதற்கு இரண்டு வருஷம் ஆனது, அதையும் சொல்லியாக வேண்டும். விரலைத் துரும்பிலிருந்து எடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. அப்பா, "டேய், புடிடா" என்றார்.

நான் துரும்போடு அப்பாவிடம் நடந்தேன். ஒரு முனையை அவரிடம் நீட்டினேன்.

"நீங்க புடிங்க."

"இன்னாடி இது?"

"அத்து வுடறதுக்குத்தானே ஊரைக் கூட்னீங்க. புடிங்க."

"அப்பனுக்கும் பொண்ணுக்கும் அப்படி வழக்கம் இல்லியேம்மா" என்றார் கவுண்டர்.

"பென்ஷனுக்காகப் பொண்ணை அத்து வுடற வழக்கம் மட்டும் இருந்துதாங்களா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "எல்லாம் உனக்காகத்தாண்டி. புள்ள குட்டி இல்ல. நாங்க போனப்பறம் உனக்கு யாரு கீறாங்க? அதுக்குத்தானே நான் இவ்ளோ பாடு பட்டது" என்றார் அப்பா. அவர் அதை நம்பித்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ ஒரு நாள் லீவு போட்டு வந்தீங்களா? எனக்கு அந்த ஒரு நாள்தாம்பா வேண்டியிருந்தது. நீங்க செத்தப்பறம் வர்ற பணம் எனக்கு வாணாம்."

அவர் துரும்பைப் பிடிக்கவில்லை. பரவாயில்லை. அதன் ஒரு முனையை அவர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகினேன். மறுமுனையை இழுத்துக் கிள்ளிக் கீழே போட்டேன்.

"இனி உங்களுக்குப் பொண்ணு இல்ல. மூணாவது பேரை அழிச்சுடுங்க. நாளையில இருந்து நான் மில்லுக்குப் போறேன்."

அலுவலர் பெண் எழுந்து நின்றாள். "அறிக்கையில இன்னா சார் எழுதட்டும்?" என்று கேட்டாள். அப்பா பையில் நின்ற துண்டுத் துரும்பை எடுக்கவும் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றவில்லை.

ரமேஷ் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தான். பழைய வண்டிதான், ஒரு பக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறான். வீட்டுக்குப் போனதும் அவனுக்கு நான் கொடுக்கப்போகிற திட்டு ஒரு மாசத்துக்குத் தாங்கும் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லோரையும் தாண்டி மரத்தடிக்கு வந்தாள். அப்பாவைப் பார்க்கவே இல்லை.

"கவுண்டரே, இன்னொரு துரும்பு இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

கவுண்டர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து தரையில் தேட ஆரம்பித்தார்.